கப்பலில் எழுதும் வானிலைப் பதிவை யாராவது படிக்கிறார்களா?

பழைய கப்பல்காரன் | ஞாயிறு, காலை 7.10

என் அக்காள் மகன் ஒரு சரக்குக் கப்பலில் தேர்டு ஆபீசர், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி. போன வாரம் கொழும்பைத் தாண்டும்போது தொலைபேசியில் பேசினான். பேச்சுவாக்கில், "மாமா, அந்த வானிலைப் பதிவை நாங்கள் பாதி நாள் எழுதுவதே இல்லை. எழுதினாலும் முந்தைய வாட்சில் (பணிமுறையில்) இருந்தவர் எழுதியதைப் பார்த்து நிரப்பிவிடுகிறோம். அதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்றான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கடலுக்குப் போகாதவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். உலகப் பொது நேரப்படி 0, 6, 12, 18 மணிக்குப் பதிவு எழுத வேண்டும். இந்திய நேரத்தில் காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. உலகம் முழுவதும் எந்தக் கடலில் இருந்தாலும் ஒரே நொடியில் எல்லோரும் வானத்தையும் கடலையும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இது கட்டாயமில்லை, தன்னார்வக் கப்பல்களின் பணி.

காற்றுமானி காட்டுவதை அப்படியே எழுதக் கூடாது. கப்பல் ஓடும் வேகமும் அதில் கலந்திருக்கும், கழித்து எழுத வேண்டும். எங்கள் மூத்தவர்கள் முதலில் கடலைப் பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால், காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 3. நுரை காற்றின் போக்கில் கோடு கோடாக இழுபடத் தொடங்கினால் 7. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை வேறு, எங்கோ தொலைவில் எழுந்து இங்கே வந்து சேரும் நீண்ட அலை வேறு. பின்னதை ஸ்வெல் என்போம். இரண்டுக்கும் திசை, உயரம், இடைவெளி தனித்தனியே எழுத வேண்டும். பிறகு மேகம், பார்வைத் தொலைவு, உலர்குமிழ் வெப்பம் (காற்றின் வெப்பம்), ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது), கடல்நீர் வெப்பம், காற்றழுத்தம்.

காற்றழுத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை) கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருந்தால், பாரமானி காட்டுவதோடு ஏறக்குறைய 3.5 மில்லிபார் கூட்டினால்தான் கடல்மட்ட அழுத்தம் கிடைக்கும். சரக்கு ஏற்றிய கப்பல் தாழ்ந்திருக்கும், காலிக் கப்பல் உயர்ந்து நிற்கும். அந்த வேறுபாட்டைக்கூடக் கணக்கில் எடுத்தோம்.

செயற்கைக்கோள்கள் மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் இந்தக் காலத்தில் இவ்வளவும் தேவைதானா? தரவோடு வேலை செய்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். அவனுக்கு நான் சரியான பதில் கொடுக்க வேண்டும்.

நிலாமதி | ஞாயிறு, காலை 9.25

நான் படிக்கிறேன், ஐயா. உங்கள் மருமகனிடம் அப்படியே சொல்லுங்கள்.

கடல்சார் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கப்பல் அனுப்பும் பதிவு சில நிமிடங்களில் உலக வானிலைப் பரிமாற்றத்துக்குள் வந்துவிடுகிறது. அடுத்த முன்கணிப்புக் கணக்கிலேயே அது சேர்கிறது. அனுப்பும் செலவும் கப்பலுக்கு இல்லை. இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்புச் சேவையில் 41 என்ற குறியீட்டைப் போட்டு அனுப்பினால் கட்டணம் வானிலைத் துறையைச் சேரும்.

செயற்கைக்கோள் பற்றிக் கேட்டீர்கள். மேகத்தின் உச்சி வெப்பம், கடல்பரப்பின் வெப்பம், அலையின் உயரம் எல்லாம் அதற்குத் தெரியும். ஓஷன்சாட் போன்ற செயற்கைக்கோள்களில் உள்ள ஸ்கேட்டரோமீட்டர் கடல்பரப்பின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும். ஆனால் அடைமழைக்குள் அந்தக் கணிப்பு தடுமாறும். புயலுக்குள் அடைமழை இல்லாமல் இருக்குமா?

கடல்மட்டக் காற்றழுத்தத்தைச் செயற்கைக்கோளால் நேரடியாக அளக்கவே முடியாது. அங்கே ஒரு பாரமானி இருந்தாக வேண்டும்: கப்பலில், நங்கூரமிட்ட மிதவையில், அல்லது நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் சிறு மிதவையில். வங்கக் கடலின் நடுவில் ஒரு கப்பல் தரும் ஒரு அழுத்த எண், சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு எங்கள் வரைபடத்தைத் திருத்தக்கூடியது.

இன்னொன்று. அன்றன்றைய முன்கணிப்போடு அந்த எண்ணின் வேலை முடிவதில்லை. கடலின் வெப்பம் நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது என்ற கேள்விக்குப் பழைய பதிவேடுகளில்தான் விடை இருக்கிறது. ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, நீரை மொண்டு, வெப்பமானியை அதில் வைத்து எழுதிய எண்கள் அவை. மர வாளிக்கும் கித்தான் வாளிக்கும் வேறுபாடு உண்டு. கித்தான் வாளியில் நீர் கசிந்து ஆவியாகி, மேலே வருவதற்குள் குளிர்ந்துவிடும். பிற்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் நீரின் வெப்பத்தை எழுதினார்கள். அது எஞ்சின் அறைச் சூட்டில் சற்றே கூடுதலாகக் காட்டும்.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகக் கடல்வெப்பம் திடீரென்று 0.3 டிகிரி அளவுக்கு இறங்கியதுபோல் பதிவுகளில் தெரிந்தது. 2008இல் வெளியான ஓர் ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. போரின்போது பதிவுகளில் பெரும்பங்கு எஞ்சின்நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களுடையது. போர் முடிந்ததும் வாளியில் மொண்ட பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. கடல் குளிரவில்லை, அளக்கும் முறைதான் மாறியிருந்தது. ஒருவர் எந்த முறையில் அளந்தார் என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதிவைத்திருந்தால் எவ்வளவு உழைப்பு மிஞ்சியிருக்கும்! அதனால்தான் கேட்கிறேன், எண்ணை மட்டும் எழுதாமல் எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அரபிக்கடல்24 | ஞாயிறு, பிற்பகல் 2.05

நான் இப்போது பணியில் இருக்கும் தேர்டு ஆபீசர். உங்கள் மருமகன் பக்கம் நின்று பேச யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

காலை 8 முதல் 12, இரவு 8 முதல் 12 என் வாட்ச். இந்தியப் பெருங்கடலில் ஓடும்போது 11.30 பதிவும் இரவு 11.30 பதிவும் இரண்டுமே என் தலையில். இரவு 11.30க்கு மீன்பிடிப் படகுகள் சுற்றி நிற்கும். பல படகுகளில் விளக்கு இருக்காது. அந்த நேரத்தில் நான் ரேடாரை விட்டுவிட்டு வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்று எண்ண வேண்டுமா? இருட்டில் அலை உயரம் எப்படித் தெரியும்? கப்பலில் இருபது பேர்தான் இருக்கிறோம். துறைமுகத்தில் இறங்கக்கூட நேரமில்லை. காகித வேலை அவ்வளவு.

இந்தப் பதிவு அவ்வளவு அரியது என்றால் கருவியைப் பொருத்தட்டும். தானியங்கி நிலையம் மணிக்கொரு முறை அழுத்தமும் வெப்பமும் காற்றும் அனுப்பும். அதற்குத் தூக்கம் வராது, தவறாக எழுதாது. மனிதனை விடுவியுங்கள்.

பழைய கப்பல்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.40

தம்பி, படகுகள் சுற்றி நிற்கும்போது பதிவை விட்டுவிடுவதுதான் சரி. கண்ணுக்கு முன்னால் இருக்கும் உயிர்தான் முதலில். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எழுதாமல் விட்டதைப் பற்றி நான் வருந்தவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதைப் பற்றித்தான் வருந்துகிறேன்.

கருவி வைப்பதும் நல்லதுதான். ஆனால் ஸ்வெல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, மேகம் என்ன வகை, அடிவானத்தில் என்ன திரள்கிறது என்று எந்தப் பெட்டியும் எழுதாது. புயலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அதன் நீண்ட அலை வந்துவிடும். அதைப் பார்த்தவன்தான் எழுத முடியும்.

பழந்தாள் | ஞாயிறு, இரவு 8.15

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. "யார் படிக்கப் போகிறார்கள்" என்ற கேள்விக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில் கடல் விசாரணை நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். வங்கக் கடலில் புயலில் சிக்கித் திரும்பிய கப்பல்களின் பதிவேடுகளையெல்லாம் கேட்டு வாங்கினார். இந்தக் கப்பலில் இந்த மணிக்குக் காற்று வடகிழக்கு, அதே மணிக்கு அந்தக் கப்பலில் தென்மேற்கு, இன்னொன்றில் அழுத்தம் இவ்வளவு என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்தார். எந்த மாலுமியும் தான் ஒரு சுழலின் எந்த ஓரத்தில் நின்றோம் என்று அறிந்திருக்கவில்லை. எல்லாருடைய எழுத்தையும் ஒரே தாளில் வைத்தபோது சுழல் தெரிந்தது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் அருகே சார்லஸ் ஹெடில் என்ற பாய்க்கப்பல் புயலுக்குள் அகப்பட்டு ஐந்து நாட்கள் மையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அதன் பதிவேடு அவர் கைக்கு வந்தது. காற்று வட்டமாகத்தான் சுழல்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் உருவாக்கி, 1848இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த பெயர்தான் இன்று உலகம் முழுவதும் வழங்கும் "சைக்ளோன்". கப்பல் பதிவேட்டுக்குள் பிறந்த சொல் அது.

1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் பதிவு எழுத வேண்டும் என்று முடிவெடுத்தன. அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி முன்னின்று நடத்தியது.

அதற்கும் முன்பே, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பாரமானியும் வெப்பமானியும் வைத்துத் தினமும் எழுதியிருக்கின்றன. 1789 முதல் 1834 வரையிலான ஏறத்தாழ 900 பதிவேடுகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் கிடந்தன. அவற்றிலிருந்து 2,73,000 பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பதிவேடுகளைப் பொதுமக்களே இணையத்தில் படித்து எண் எண்ணாக எடுத்தெழுதும் பணி 2010இல் தொடங்கியது. எழுதியவன் இறந்து நூறாண்டு கழித்தும் யாரோ ஒருவர் ஓர் இரவு உட்கார்ந்து அவன் கையெழுத்தைப் படிக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

தூத்தூர் மகன் | திங்கள், காலை 6.30

எங்கள் குடும்பம் ஆழ்கடல் தொழில். அப்பாவும் அண்ணனும் சூரைக்கும் சுறாவுக்கும் வாரக்கணக்கில் போவார்கள். நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம், ஒரு மனக்குறை.

2017இல் ஒக்கி வந்தபோது நவம்பர் 29ஆம் தேதி காலையில் அது இலங்கைக்குத் தென்கிழக்கே வெறும் தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் புயல். ஒரே நாள். எங்கள் ஆட்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். கரையில் என்ன சொன்னாலும் படகிலுள்ள விஎச்எஃப் வானொலிக்கு எட்டாத தொலைவு. பலர் திரும்பவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு.

பெரிய கப்பல்கள் எழுதும் பதிவு எங்களுக்கு என்ன பயன்? எங்களிடம் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் இருக்கிறது. அப்பா நீரோட்டத்தைக் கையால் தொட்டே சொல்வார். அந்த அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

அரபிக்கடல்24 அண்ணனுக்கு: எல்லாப் படகும் விளக்கில்லாமல் நிற்பதில்லை. எங்கள் படகில் எப்போதும் உண்டு.

நிலாமதி | திங்கள், காலை 10.50

தம்பி, உங்கள் தெருவின் இழப்புக்கு நான் எழுதும் எதுவும் ஈடாகாது. ஆனால் நீங்கள் கேட்டது நேரான கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன்.

ஒக்கி போல ஒரே நாளில் வலுப்பெறும் புயல்தான் எங்களுக்கு மிகவும் கடினம். அது உருவாகும் இடத்தில் அழுத்தமானிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு சீக்கிரம் தெரியும். கப்பல்களோ எச்சரிக்கை வந்ததும் விலகி ஓடிவிடும், ஓடத்தான் வேண்டும். ஆகவே பதிவு எங்கே மிகவும் தேவையோ அங்கே கப்பல் இருக்காது. விலகாமல் அங்கேயே நிற்பது நங்கூரமிட்ட மிதவை ஒன்றுதான். சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்பக் கழகம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அவற்றை நிறுத்திவருகிறது. சில இடங்களில் ஆழம் 3000 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளக் கயிறும் நங்கூரமும் கொண்டு நிறுத்துகிறார்கள்.

அந்த மிதவைகள் சேதப்படுவதுதான் பெரிய தொல்லை. நிழலுக்கு மீன் கூடும், மீனுக்குப் படகு வரும். படகைக் கட்டும்போது கம்பம் வளைகிறது, சூரியத் தகடு உடைகிறது, கருவி நின்றுவிடுகிறது. குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உலகின் எல்லாக் கடலிலும் இது நடக்கிறது.

தூத்தூர் மகன் | திங்கள், காலை 11.35

அக்கா, உண்மைதான். மிதவையைச் சுற்றி மீன் கிடக்கும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கட்டியிருக்கிறார்கள். அது எதற்காக நிற்கிறது என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. மஞ்சளாக ஏதோ அரசாங்கப் பொருள் என்றுதான் நினைத்தோம். அது காட்டும் எண்ணை எங்கள் படகிலேயே பார்க்க முடியும் என்றால் ஒருவன்கூட அதில் கயிறு போட மாட்டான். அப்பாவிடம் இன்று பேசுகிறேன்.

அரபிக்கடல்24 | திங்கள், மாலை 5.20

தம்பி, விளக்கு பற்றிப் பொதுவாகச் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் என் வாதத்தை விடவில்லை. பதிவுக்கு மதிப்பு இருந்தால் அதற்குக் கூலியும் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் உலகம் கொடுத்தது. 1946இல் நாடுகள் உடன்பட்டு, வட அட்லாண்டிக்கில் வானிலைக்கென்றே 13 இடங்களில் கப்பல் நிறுத்தத் திட்டமிட்டன. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்து. சரக்கும் இல்லை, பயணியும் இல்லை. குளிர்காலக் கொந்தளிப்பில் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கிடந்து, பதிவு எழுதி, பலூன் விட்டு, விமானங்களுக்கு வழிகாட்டுவது மட்டுமே வேலை.

1947 அக்டோபரில் அயர்லாந்திலிருந்து புறப்பட்ட பெர்முடா ஸ்கை குயின் என்ற கடல்விமானம் எதிர்க்காற்றில் எரிபொருள் தீர்ந்து, வானிலைக் கப்பலாக நின்ற பிப் அருகே கடலில் இறங்கியது. அந்த அலையிலும் 69 பேரையும் காப்பாற்றினார்கள். 1956இல் பசிபிக்கில் பான் ஆம் விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் பான்ட்சார்ட்ரெயின் என்ற கப்பலுக்கு மேல் இரவெல்லாம் வட்டமிட்டு, விடிந்ததும் அதன் பக்கத்தில் இறங்கியது. 31 பேரும் பிழைத்தார்கள். ஜெட் விமானமும் செயற்கைக்கோளும் வந்ததும் செலவைக் காட்டி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். நார்வேக் கடலில் 'M' என்ற எழுத்துக்குரிய நிலையத்தில் 1948 முதல் பணி தொடர்ந்தது. அங்கே கடைசியாக நின்ற போலார்ஃப்ரன்ட்டையும் 2010 ஜனவரி 1ஆம் தேதி விலக்கிக்கொண்டார்கள். அதுதான் உலகின் கடைசி வானிலைக் கப்பல்.

கூலி கொடுத்துச் செய்த வேலையை இப்போது கூலியில்லாமல் தேர்டு ஆபீசரிடம் கேட்கிறார்கள். என் கோபம் நியாயமானதா இல்லையா?

பழைய கப்பல்காரன் | திங்கள், இரவு 9.45

நியாயமானதுதான், தம்பி. நானும் கூலியில்லாமல்தான் எழுதினேன். ஆனால் ஒரு சமயம் பார்க்காமல் எழுதினேன். அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நானும் தேர்டு ஆபீசராக இருந்த நாட்கள். நவம்பர் மாதம், அந்தமானைத் தாண்டி மேற்கே வந்துகொண்டிருந்தோம். இரவு 11.30. களைப்பு. மாலை 5.30க்கு சீஃப் ஆபீசர் எழுதிய அழுத்தத்தைப் பார்த்து அதே எண்ணைப் போட்டுவிட்டேன். அழுத்தத்தைத் தானே தாளில் கோடாக வரையும் பாரோகிராஃபின் முள் இரண்டு நாளாக ஓடவில்லை, அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இல்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் கேப்டன் பிரிட்ஜுக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "அழுத்தம் ஏறவில்லையா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தத்துக்கும் தினசரி ஓதம் உண்டு. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்வு. இடைவெளி ஏறக்குறைய 3 மில்லிபார். நல்ல வானிலையில் இது கடிகாரம்போல நடக்கும். மாலைக்கும் இரவுக்கும் ஒரே எண் என்றால் ஏற வேண்டியது ஏறவில்லை என்று பொருள். அதாவது, எங்கோ ஒரு தாழ்வு நெருங்குகிறது. அந்தப் பருவத்துக்கு உரிய சராசரியைவிட, ஓதத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் 3 குறைந்தால் விழித்திரு, 5 குறைந்தால் புயல் அருகில் இருக்கிறது என்பது எங்கள் பாடம்.

நான் நகலெடுத்த எண் கடலிலேயே இல்லாத ஒரு புயலை எழுதியிருந்தது. கேப்டன் பாதையை மாற்றத் தயாராகி வரைபடத்தை விரித்துவிட்டார். அப்போதுதான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்து, "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். பார்த்தேன். 2.6 ஏறியிருந்தது. பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அந்த எண் ஏற்கெனவே கரைக்குப் போய்விட்டிருந்தது. திருத்தமும் அனுப்பினோம்.

மருமகனுக்கு இன்று இதைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். நேரமில்லையென்றால் விட்டுவிடு. நேரமிருந்தால் அழுத்தம் மட்டுமாவது பார்த்து எழுது. மேகத்தை நாளைக்கு எண்ணிக்கொள்ளலாம்.

நிலாமதி | திங்கள், இரவு 10.20

ஐயா, நகலெடுத்த எண்களை நாங்கள் கண்டுபிடிப்பதும் அந்த ஓதத்தை வைத்துத்தான். உங்கள் கேப்டன் ஒரு நிமிடத்தில் செய்ததைக் கணினியில் செய்கிறோம்.

தூத்தூர் மகன் | செவ்வாய், மாலை 4.40

கப்பல்கார ஐயா, என் கைபேசியில் அழுத்தமானி இருப்பது நேற்றுவரை எனக்குத் தெரியாது. செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். காலை 10 மணிக்கு 1010.9. இப்போது 4 மணிக்கு 1007.8. வீடு கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கியதைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இது சரியா?

பழைய கப்பல்காரன் | செவ்வாய், மாலை 5.05

சரிதான், தம்பி. 3.1 இறக்கம், நல்ல வானிலை. கைபேசி காட்டும் எண்ணில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம்; ஏற்ற இறக்கம்தான் முக்கியம். வீடு எட்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு மீண்டும் பாருங்கள், ஏறியிருக்க வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, தேதி, மணி, எண், அப்பா சொல்லும் காற்றின் பெயர், நான்கையும் எழுதுங்கள். எந்தக் கைபேசி என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தூத்தூர் மகன் | செவ்வாய், இரவு 10.10

1010.5. அப்பா சொல்கிறார், வாடை.